சங்கிலியும் பதிவேடும்

சென்ற ரஜப் மாதத்து ஜும்ஆ ஒன்றில் தொழுகை முடிந்து, கூடுவாஞ்சேரிப் பள்ளிவாசலின் வாயிற்புறம் நான் நின்றிருந்தபோது, எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் வெளியே ஒதுங்கிக் காத்திருந்தார். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் முறைவைத்து வேலை பார்ப்பவர். கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். நினைவு தடுமாறிப்போன தம் தாயாரைப் பகலில் தனியே விட்டுச் செல்ல அஞ்சி, நெடுஞ்சாலையை ஒட்டிய முதியோர் இல்லம் ஒன்றில் பணம் கட்டிச் சேர்த்திருந்தார் என்பதை நான் முன்பே அறிவேன்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்” என்று தொடங்கினார். “ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன் கூடத்திலே வச்சுத்தான் அம்மாவைக் காட்டுறாங்க. அம்மா வாய் திறந்து ஒண்ணும் சொல்லலே. ஆனா நான் எழுந்தா முந்தானையைப் பிடிச்சிக்கிட்டு விட மாட்டேங்கிறாங்க. மணிக்கட்டிலே தழும்பு இருக்கு. கேட்டா கீழே விழுந்துட்டாங்கன்னு சொல்றாங்க. உள்ளே போய்ப் படுக்கிற இடத்தைப் பார்க்கணும்னு நான் கேட்கலாமா? பிறர் குறையைத் துருவித் துருவிப் பார்க்கிறது ஹராம்னு நீங்கதானே பயான்லே சொன்னீங்க?”

சொன்னவன் நான்தான். சூரத்துல் ஹுஜுராத்தின் விளக்கவுரையில், தஜஸ்ஸுஸ் எனும் துருவியறிதல் விலக்கப்பட்ட செயலென்று பல முறை பேசியிருக்கிறேன். அப்பேச்சு ஒரு மகளின் கையைக் கட்டிப்போடும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. உடனே விடை சொல்ல நா எழவில்லை. “அடுத்த வாரம் வாம்மா, கிதாபைப் பார்த்துச் சொல்கிறேன்” என்று அனுப்பி வைத்தேன். அவ்வாறு பார்த்தவற்றுள் சிலவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞரும் பகுதாதின் காழியுமான இமாம் மாவர்தீ (மறைவு ஹிஜ்ரி 450, கி.பி. 1058) ஆட்சியியல் குறித்து இயற்றிய அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா என்னும் நூலின் இறுதிப் பகுதி ஹிஸ்பாவைப் பற்றியது. நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமையை அரசின் துறையாக அமைத்தால் அது ஹிஸ்பா. அதன் அலுவலர் முஹ்தஸிப். நம்மவருள் பலர் முஹ்தஸிப் என்றால் கடைத்தெருவில் படிக்கல்லும் தராசும் பார்த்துத் திரிந்தவர் என்ற அளவிலேயே அறிந்திருக்கிறோம். மாவர்தீ அவரை நிறுத்தும் இடம் அதனினும் உயர்ந்தது. காழியின் முன் வழக்காளி ஒருவர் வந்து நின்றால்தான் வழக்கு உண்டு. முஹ்தஸிப் எவரும் வந்து முறையிடக் காத்திருக்க வேண்டுவதில்லை. தாமே சென்று கண்டு தாமே தடுக்கலாம். இரு பதவிகளுக்கும் அவர் காட்டும் வேறுபாடுகளுள் தலையாயது இது.

இவ்வதிகாரம் எவருக்காக என்பதை அவர் தரும் எடுத்துக்காட்டுகளே சொல்லும். தெருவில் கிடந்த குழந்தையை எடுத்து வளர்க்கப் பொறுப்பேற்றவர் அதனைச் சரிவரப் பேணாவிட்டால், பேணும்படி ஆணையிடவோ வேறொருவரிடம் ஒப்படைக்கச் செய்யவோ முஹ்தஸிப் உரிமையுடையவர். அடிமைகளின் எசமானர்களும் கால்நடைகளின் சொந்தக்காரர்களும் அவர் கண்காணிப்புக்கு உட்பட்டவர்கள். தாங்கவியலாத சுமையை மிருகத்தின் மேல் ஏற்றுபவனை அவர் தடுக்க வேண்டும். குழந்தை வழக்குத் தொடுக்காது. ஒட்டகம் காழியிடம் போகாது. முறையிட நாவில்லாதவர் பொருட்டே முறையீடின்றி நுழையும் அதிகாரம் வகுக்கப்பட்டதென நான் கொள்கிறேன். பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் இடாமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதி குறித்து அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியது நம் மத்ரஸாப் பிள்ளைகளும் அறிந்த ஹதீஸ்தான். அங்கே குற்றம் இரண்டும் சேர்ந்தது: அடைத்து வைத்தலும், அடைத்த பின் பேணாதிருத்தலும்.

இனி, தஜஸ்ஸுஸ். மறைவாக இருப்பதைத் துருவுதல் முஹ்தஸிபுக்கும் கூடாதென்றே மாவர்தீ எழுதுகிறார். ஆனால் அதற்கொரு விலக்கும் வைக்கிறார். பின்னர் ஈடுசெய்ய இயலாத கேடு நிகழவிருப்பதாக நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டால், எடுத்துக்காட்டாக, ஒருவன் மற்றொருவனைக் கொல்லும் நோக்கோடு தனித்த இடத்திற்கு அழைத்துப் போயிருக்கிறான் என்று அறிந்தால், துருவியறிவது அனுமதிக்கப்பட்டது. காலந்தாழ்த்தினால் போன உயிர் மீளாது. பிறருடைய அந்தரங்கத்தைக் காக்கவே அத்தடை பிறந்தது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் தாயை அடைத்து வைத்திருக்கும் அறை, வைத்திருப்பவரின் அந்தரங்கம் ஆகுமா? ஆகாதென்பது என் துணிபு.

முறையீட்டை விசாரிக்கும் விதத்திற்கும் நம் முன்னோரிடம் வழி உண்டு. கூஃபா நகரத்தார் தம் ஆளுநர் ஹஜ்ரத் ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மீது முறையிட்டபோது, அமீருல் முஃமினீன் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் அமர்ந்தபடி தீர்ப்புரைக்கவில்லை, ஆளனுப்பினார்கள். சென்றவர் முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) என்று தபரீ குறிக்கிறார். அவர் ஆளுநர் மாளிகையில் விருந்துண்டு ஏடு புரட்டித் திரும்பியவரல்லர். குற்றஞ்சாட்டப்பட்டவரையும் உடனழைத்துக்கொண்டு பள்ளிவாசல் பள்ளிவாசலாகச் சென்று மக்களைக் கேட்டார். எல்லாரும் நல்லதே கூறினர். அப்ஸ் குலத்தாரின் பள்ளிவாசலில் ஒரே ஒருவர் எழுந்து குறை கூறினார். அந்த ஒரு குரலும் கேட்கப்பட்டது. ஸஃது (ரலி) அவர்கள் மீது குற்றம் மெய்ப்படவில்லை. முறையான விசாரணை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் காவல் என்பது இதனால் விளங்கும்.

நோயாளர் இல்லம் ஒன்றைப் பற்றிய முறையீடே நம் வரலாற்றேட்டில் இருக்கிறது. மருத்துவர் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ (மறைவு ஹிஜ்ரி 668, கி.பி. 1270) அதனைக் காத்துத் தந்திருக்கிறார். கலீபா முக்ததிரின் காலம். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கம். பகுதாதின் முகர்ரிம் பகுதியில் பத்ர் என்பாரின் பெயரால் ஒரு பீமாரிஸ்தான், அதாவது மருத்துவமனை இருந்தது. கலீபா முதவக்கிலின் தாயார் ஏற்படுத்திய வக்ஃபின் வருமானத்தில் ஒரு பங்கு ஹாஷிம் குலத்தாருக்கும், ஒரு பங்கு இந்த மருத்துவமனைக்கும் உரியது. வக்ஃபை நிருவகித்த அபுஸ் ஸக்ர் என்பவர் ஹாஷிம் குலத்தாரின் பங்கை உரிய காலத்தில் கொடுத்துவிட்டு, மருத்துவமனையின் பங்கைத் தாமதித்து வந்தார். காரணம் ஊகிக்கக் கடினமன்று. குலத்தார் வாயில் வந்து நின்று கேட்பார்கள். நோயாளிகள் எழுந்து வரமாட்டார்கள்.

பகுதாதின் மருத்துவமனைகளுக்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் ஸினான் இப்னு ஸாபித். கரியில்லை, உணவுப் பொருளில்லை, போர்வையில்லை, நோயாளிகள் வருந்துகின்றனர் என்று அவர் அமைச்சர் அலீ இப்னு ஈஸாவுக்கு எழுதினார். அமைச்சர் அக்கடிதத்தின் பின்புறத்திலேயே அபுஸ் ஸக்ருக்கு எழுதிய கண்டனத்தின் சாரம் இது: மற்றெவரையும்விட நோயாளருக்கே இப்பணத்தில் முதலுரிமை, ஏனெனில் அவர்கள் வலுவற்றவர்கள், கடுங்குளிர் காலத்தில் பல மாதமாக ஏன் குறைத்தாய்? எவ்வழியிலேனும் பணம் திரட்டி அவர்களுக்குப் போர்வையும் கரியும் உணவும் சேரச் செய். செய்ததை எனக்கு எழுது. இறுதிக் கட்டளைதான் என் உள்ளத்தைத் தொட்டது. ஆணையிட்டு அனுப்பியதோடு முடிந்ததென அவர் இருக்கவில்லை. ஆணை நிறைவேறியதா என்ற மறுமொழியையும் கேட்டு வாங்குகிறார். சிறைகளில் நெருக்கடியால் நோய் தோன்றும், ஆகவே நாள்தோறும் மருத்துவர் உள்ளே செல்ல வேண்டுமென ஸினானுக்கு எழுதியவரும் இதே அமைச்சரே. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) மருத்துவர் ஒருவரின் பிழையால் ஓர் உயிர் போயிற்று. உடனே, ஸினானிடம் தேர்வு பெறாத எவரும் மருத்துவம் செய்யலாகாதென முஹ்தஸிபின் வாயிலாகத் தடை பிறந்தது. பகுதாதில் அவ்வாறு தேர்வுக்கு வந்தோர் எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர்.

இவற்றையெல்லாம் எழுதிப் பெருமிதத்தோடு பேனாவை மூடிவிடுவது நம்மிடையே வழக்கம். ஆனால் இப்னு ஜுபைரின் பயணநூலில் ஒரு வாக்கியம் என்னை மூடவிடவில்லை. கி.பி. 1184இல் திமிஷ்குக்கு வந்த அவர், சுல்தான் நூருத்தீன் கட்டிய மருத்துவமனையைக் கண்டு மனமுவந்து எழுதுகிறார். நோயாளர் பெயரும் அவரவர்க்குத் தேவையான மருந்தும் உணவும் செலவும் குறித்த பதிவேடுகள் அங்கே இருந்தன. மருத்துவர்கள் விடியற்காலையில் வந்து ஒவ்வொருவரையும் பார்த்தனர். பின்னர் சித்தம் கலங்கியோரைக் குறிப்பிடுமிடத்து, அவர்களுக்கும் ஒருவகைச் சிகிச்சை உண்டென்றும், அவர்கள் சங்கிலியில் பிணிக்கப்பட்டிருந்தனர் என்றும் எழுதிச் செல்கிறார். நம் பெருமையை எழுதுவோர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சங்கிலியை விட்டுவிடுகின்றனர். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அந்நாளில் உலகெங்கும் சங்கிலிதான் என்று சமாதானம் சொல்லலாம், அது மெய்யுங்கூட. எனினும், அங்கே சங்கிலிக்குப் பக்கத்தில் பதிவேடும், விடியலில் வரும் மருத்துவரும் இருந்தனர். எண்ணூறு ஆண்டுகள் கழித்து நம் மண்ணில் சங்கிலி மட்டும் எஞ்சியது.

ஏர்வாடியைச் சொல்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்து அக்கடற்கரையூரில் அடங்கியிருக்கும் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது (வலி) அவர்களின் சரிதையை வண்ணக்களஞ்சியப் புலவர் தீன் விளக்கம் என்னும் காப்பியமாகப் பாடினார். அத்தர்காவுக்கு மனநோயாளரை அழைத்துவந்து, கனவில் உத்தரவு கிடைக்கும்வரை தங்கவைப்பது நெடுநாளைய வழக்கம். முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லாச் சமயத்தாரும் வந்தனர். உடனிருந்து பார்க்க இயலாத உறவினர் நோயாளியை விட்டுச் செல்ல, அவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் இல்லங்கள் முளைத்தன. அவை தர்கா நடத்தியவை அல்ல. பிழைப்புக்கு வழி தேடியவர்கள் கூரை வேய்ந்து நடத்தியவை. ஓடிவிடாமலிருக்கச் சங்கிலி.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், விடியுமுன், அவற்றுள் ஒன்றான மொய்தீன் பாதுஷா மனநல இல்லத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. முதலில் 25 பேர். பின்னர் மருத்துவமனையில் இறந்தோரையும் சேர்த்து 28 பேர். அடையாளம் காணவியலாத அளவுக்குக் கருகிய உடல்கள் பல.

சட்டம் இல்லாமையால் நேர்ந்ததா இது? இல்லை. 1912ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டமே ஒவ்வொரு மனநோய் மருத்துவமனைக்கும் பார்வையாளர்களை நியமித்து, மாதம் ஒருமுறையேனும் இருவர் சேர்ந்து ஒவ்வொரு பகுதியையும் பார்க்க வேண்டுமென விதித்திருந்தது. அதன் இடத்தில் வந்த 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. தனியார் இல்லத்திற்கு உரிமம் வேண்டும். ஆய்வு அலுவலர் எந்நேரமும் நுழையலாம். ஏடுகளைக் கேட்டு வாங்கலாம். முறையீடு வந்தாலும், வராமலே தமக்கு ஐயம் தோன்றினாலும், நோயாளியைத் தனிமையில் விசாரிக்கலாம். மாவர்தீயின் முஹ்தஸிபுக்கும் இவருக்கும் அதிக வேறுபாடில்லை. ஏட்டில் இவ்வளவு இருந்தும், தீப்பற்றிய இல்லம் உரிமமில்லாமலே நடந்து வந்தது. எட்டாண்டுகளாக உயிரோடிருந்த சட்டம் அந்தக் கொட்டகையின் வாயிலைத் தாண்டவில்லை.

அரசை மட்டும் குறைகூறி நான் தப்பிவிட விரும்பவில்லை. சந்தனக்கூட்டுக்கு ஆண்டுதோறும் எத்தனை ஆயிரம் பேர் சென்றோம்! மரத்தடியிலும் கொட்டகையிலும் சங்கிலியோடு அமர்ந்திருந்தவர்களை எத்தனை பேர் பார்த்தோம்! மாணவப் பருவத்தில் நானும் ஒருமுறை சென்றிருக்கிறேன். காலில் சங்கிலியோடு ஓர் இளைஞன் என்னிடம் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அவனை யார் கட்டினார் என்று நான் எவரையும் கேட்கவில்லை. ஹிஸ்பா அரசு நியமித்த அலுவலருக்கு ஃபர்ளு ஐன், பொதுமக்களுக்கு ஃபர்ளு கிஃபாயா என்று அதே நூலில் மாவர்தீ எழுதியிருப்பதை அப்போது நான் ஓதியிருக்கவில்லை. ஓதியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது ஐயமே.

தீ நிகழ்ந்த ஒரு வாரத்தில், ஆகஸ்டு 13இல், அத்தகைய இல்லங்கள் யாவும் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொள்ளப்பட்டனர். உச்ச நீதிமன்றம் எவர் மனுவுக்கும் காத்திராமல் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2002 பிப்ரவரி 5ஆம் நாள் அது பிறப்பித்த ஆணையில், இத்தகைய இல்லங்களை மாவட்டந்தோறும் பதிவு பெற்றவை, பெறாதவை என்ற பேதமின்றிக் கணக்கெடுக்குமாறும், சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்பதையும், மனநோயாளரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமேயன்றிக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அன்று என்பதையும் மக்களுக்கு அறிவிக்குமாறும் கூறியது. தர்கா என்ற சொல் அங்கே வந்ததில் நம்மவர் சிலர் மனம் நொந்தனர். இருபத்தெட்டு மையித்துகளுக்கு முன் அந்த நோவு எம்மாத்திரம்? 2007இல் இல்லத்தின் உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னாளில் தர்காவின் அருகிலேயே மனநல மருத்துவர் அமர்ந்து மருந்து தர, துஆவும் தவாவும் ஒருங்கே நடைபெறும் திட்டம் அரசால் ஏற்படுத்தப்பட்டது. இது முன்னரே வந்திருக்கலாம்.

ஏர்வாடி தொலைவு என்று கருத வேண்டா. எங்கள் பக்கத்திலேயே, உத்திரமேரூரை அடுத்த பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லம் ஒன்றை 2018 பிப்ரவரியில் அதிகாரிகள் ஆய்வு செய்து, அங்கிருந்த முதியோர் பலரை வேறிடங்களுக்கு மாற்றினர். அது குறித்துப் பரவிய வதந்திகளுள் நான் புகவில்லை. நடத்தியவர்கள் குற்றச்சாட்டுகளை மறுத்தனர். என் கவனத்தை ஈர்த்தது வேறு. அவ்வாய்வு எவ்வாறு தொடங்கிற்று? காய்கறியும் ஒரு சடலமும் ஏற்றிச் சென்ற வண்டிக்குள்ளிருந்து ஒரு மூதாட்டி கூக்குரலிட்டார். சாலையில் சென்றவர்கள் அவ்வண்டியை மறித்தனர். ஓரிடத்தில் தீ, மற்றோரிடத்தில் கூக்குரல். இரண்டு இடத்திலும் பார்வையாளர் பின்னரே வந்தார்.

இன்றைய சட்டங்கள் முன்னையவற்றினும் விரிவானவை. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்கிறது. மனநல நிலையங்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யவும், முறையீட்டின் பேரிலோ தானாகவோ சோதிக்கவும் வழி வகுக்கிறது. முதியோர்க்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும், அதன்கீழ்த் தமிழ்நாட்டில் 2009இல் வகுத்த விதிகளும் உள்ளன. முதியோர் இல்லங்களைக் குறித்து மாவட்டச் சமூகநல அலுவலரிடம் முறையிடலாம். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். இவ்வெண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதால் பலகை தேய்ந்துவிடாது.

மறு வாரம் அப்பெண்மணியிடம், “உள்ளே சென்று பார்ப்பது உன் உரிமை மட்டுமன்று, கடமையுங்கூட” என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவரும் நானும் என் மனைவியும் சென்றோம். மேலாளர் முன் கூடத்தில் தேநீர் கொடுத்தார். குடித்த பின்னும் நாங்கள் எழாதிருக்கவே, முகம் சுளித்து உள்ளே விட்டார். பெண்கள் அறையாதலால் நான் வாயிலில் நின்றுகொண்டேன். என் மனைவிதான் எல்லாவற்றையும் பார்த்தார். கட்டில் கம்பியில் முடிந்த பழந்துணி, கைக்கு எட்டாத தொலைவில் தண்ணீர்ச் செம்பு, முதுகின் கீழ்ப்புறம் படுக்கைப் புண். கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தென்படாத புண் அது. மருந்து கொடுத்த பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டேன். நெடுநேரம் தேடி எடுத்து வந்தார். கடைசியாக எழுதப்பட்ட நாள் நாற்பது நாள்களுக்கு முந்தியது.

தாயாரை அன்றே அழைத்து வந்துவிட்டோம். மஹல்லாவில் இரு வீட்டார் பகற்பொழுதைப் பங்கிட்டுக்கொண்டு பார்த்துக்கொள்ள இசைந்தனர். இவ்வாறு இசைவார்களென முன்பே கேட்டுப் பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் கூசினார்.

ஞாயிறு இரவு ஆட்சியருக்கான மனுவை என் கையால் எழுதினேன். தேதி, தழும்பு, துணி, புண், பதிவேடு என்று கண்டதை மட்டும் எழுதி, ஐயத்தை ஐயமென்றே குறித்து, அவரிடம் படித்துக் காட்டினேன். கையொப்பமிடப் பேனாவை எடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

“ஹஜ்ரத், அந்த அறையிலே இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை அவங்களைப் பார்க்க யாருமே வந்து நான் பார்த்ததில்லே. அவங்களைப் பத்தியும் ரெண்டு வரி சேர்த்து எழுதுங்க.”

புதிய தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.